ஒரு வீடும் அதன் எழுவாயும்

எழுவாய் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கு மேலே போனவர்களுக்குத்தான் அந்தச் சொல் கிடைத்திருக்கிறது. கடற்கரையில் மீன் இறக்கும் வாடியில் கொழும்பு லொறிக்கு மீன் பெட்டி அடைப்பது என் தொழில். எனக்கு எழுவாய் தெரியாததால் ஒரு மீனும் பழுதாய்ப் போனதில்லை.

சொல்லித் தந்தது என் மூத்த மகள். சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம், சாய்ந்தமருதில் எங்களுக்குத் தந்திருந்த தகரக் கொட்டிலில் இருந்துதான் சொல்லித் தந்தாள். காலையிலேயே தகரம் சூடேறிவிடும். உள்ளே இருந்தால் முதுகு வேகும். வெளியே வந்தால் நிழல் இல்லை. கொட்டில்கள் வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி நின்றதால் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் தொண்டை கமறியது போல இருக்கும். நான் இயல்பாகவே ஓரிடத்தில் இருக்காதவன். அந்த நாட்களில் இன்னும் மோசம். தண்ணீர்த் தாங்கியிலிருந்து கக்கூஸ் வரிசை வரைக்கும், அங்கிருந்து திரும்பவும் தாங்கி வரைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். கையில் ஒரு வாளியைப் பிடித்துக்கொள்வேன், யாராவது கேட்டால் தண்ணீருக்கு வந்தேன் என்று சொல்லலாம்.

அந்த வாளியோடுதான் நான் ஆங்கிலம் படித்தேன். ஏன் படித்தேன் என்பதைச் சொல்ல, எங்கள் ஊரில் வீடு யாருடையது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். உடுப்புப் பெட்டியோடு நானும் அப்படித்தான் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டை அவளுக்குக் கொடுத்தது அவளுடைய உம்மா. அவவுக்குக் கொடுத்தது அவவுடைய உம்மா. ஒரு பெண் பிள்ளை வளர்ந்து வந்தால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும், அல்லது இருக்கிற வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு உம்மாவும் வாப்பாவும் வளவின் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டும். இதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. உம்மாவின் பேரில் இருக்கும் வீடு மகளுடையது என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை.

கடல் வந்த காலையில் அந்த வீடு போனது. மனைவியின் உம்மாவான என் மாமியும் போனார். நாங்கள் நான்கு பேர், நானும் மனைவியும் இரண்டு மகள்மாரும், கல்முனைக்குக் கல்யாணச் சாமான் வாங்கப் போன பக்கத்து வீட்டாருக்குத் துணையாகப் போயிருந்ததால் தப்பினோம். திரும்பி வந்தபோது வளவில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது.

பிறகு கடலோரத்தில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக ஊருக்குள்ளே ஒரு வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டித் தரப் போவதாக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் பொறுப்பு. நல்ல மனிசி. வெயிலில் முகம் இறால் அவித்த மாதிரிச் சிவந்துபோய், கொடுத்த தேத்தண்ணீரை எல்லாம் குடித்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். அவர் சொல்வதை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்ல ஒரு இளைஞர் இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் கமிட்டியும் போட்டார்கள். கடைக்காரர் ஒருவர் தலைவர்.

தறப்பாள் விரித்த பந்தலுக்குக் கீழே நடந்த முதல் கூட்டத்தில் பெயர்களை வாசித்தார்கள். குடும்பத் தலைவர் பெயரில்தான் வீடு என்றார்கள். தலைவர் என்றால் புருசன். புருசன் கடலில் போன வீட்டுக்கு மட்டும் பெண் பெயர் வந்தது. என் பெயரும் வந்தது. என் பெயரை அவ்வளவு சத்தமாக ஒருவர் வாசித்து நான் கேட்டதேயில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார்கள். காலமெல்லாம் மனைவியின் வீட்டில் இருந்த எங்களுக்கு ஒரே காலையில் ஆளுக்கொரு வீடு வந்துவிட்டது.

கொட்டிலுக்கு வந்தபோது என் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நெருப்பு பிடித்த பிறகும் ஊதினாள்.

"அந்த ஊடு என்ட உம்மா தந்தது. அதுக்குப் பதிலாத்தானே இந்த ஊடு. அப்ப உங்கட பேர் அதுக்குள்ள எங்கால வந்த?" என்றாள்.

நான்தானே குடும்பத் தலைவர் என்று சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வாளியை எடுத்தேன்.

"ஆம்புளட பேர்ல இரிக்கிற ஊடு நாளைக்கு ஆர்ர எண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு நீங்க இன்னொரு கலியாணம் கட்டினா?"

"நானா?"

"உங்களச் சொல்லல்ல. உங்களுக்கு ஒரு பொம்புளயோட கதைக்கவே ஒரு கிழம புடிக்கும். நான் பேரச் சொல்றன்."

அவள் பயம் எனக்கு விளங்கியது. மூத்தவளுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. இன்னும் சில வருடத்தில் யாராவது கேட்டு வருவார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது வீட்டைத்தான். அது வாப்பாவின் பேரில் என்றால், எழுதித் தருவீங்களா என்று அடுத்த கேள்வி வரும். நிறுவனத்தின் நிபந்தனைப்படி பல வருடங்களுக்கு யாருக்கும் மாற்றி எழுத முடியாது. உம்மாவின் பேரில் என்றால் அந்தக் கேள்வியே வராது. இது எங்கள் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் என் மனைவியே எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். உம்மா, உம்மம்மா, கிணறு, மகள்மார் எல்லாம் வந்தது. நீளமாகச் சொன்னாள். மாற்றிச் சொல்லும் தம்பி தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரப் பெண்ணிடம் இரண்டு சொல் சொன்னார். அவர் என் மனைவியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். கூட்டம் முடிந்தது.

"நான் இவ்வளவு சொன்ன, அவர் ரெண்டு சொல்லுல முடிச்சிட்டாரே," என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "இங்கிலீசு அவ்வளவு சின்னப் பாஷையா?"

கொட்டிலுக்குள் வந்த பிறகுதான் மூத்தவள் சொன்னாள்.

"உம்மா, அந்த மாத்திச் சொல்றவர் நீங்க நன்றி சொல்றீங்க எண்டுதான் சொன்ன."

அந்தத் தம்பியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிரச்சினை என்று தெரிந்தால் நிறுவனம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று கமிட்டியில் எல்லாருக்கும் பயம். ஒலுவில் பக்கம் ஒரு இடத்தில் அப்படி நடந்ததாகக் கதை உலாவியது. நடந்ததோ இல்லையோ, கதை போதும். சண்டை சச்சரவு எதையும் வெள்ளைக்காரப் பெண்ணின் காதில் போட வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

மகள் தானே பேசுவதாகச் சொன்னாள். பாடசாலையில் ஆங்கிலத்தில் அவள்தான் முதலாவதாக வருவாள்.

"வாய மூடு," என்றாள் என் மனைவி. "உன்ட ஊட்ட நீயே கேட்டாயெண்டா ஊர்ல என்ன கதைப்பாங்க? பொம்புளப் புள்ள ஊடு கேக்கிறதா?"

அது உண்மைதான். பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். பெண் கேட்பதில்லை. அவள் கேட்டால், கல்யாணத்துக்கு அவசரப்படுகிறாள் என்று பேர் வரும்.

"அப்ப வாப்பா கதைக்கட்டும்," என்றாள் மகள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீருக்குப் போனேன்.

நான் கூச்சக்காரன் என்பதை ஊரே அறியும். வாடியில் மீன் விலை பேசும் இடத்தில் நான் நிற்பதில்லை. ஐஸ் உடைக்கும் பக்கம்தான் என் பக்கம். கல்யாண வீட்டில் சாப்பாடு பத்தாவிட்டால் கேட்க மாட்டேன், கை கழுவிவிடுவேன். தமிழிலேயே கூட்டத்தில் பேசாதவன் ஆங்கிலத்தில் என்ன பேசுவது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூலிக்கு இடிபாடு அள்ளப் போன இடத்தில், ஒரு சுவர்த் துண்டை மண்வெட்டியால் புரட்டியபோது, அதில் ஒட்டியிருந்த பச்சைப் பூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது யார் வீட்டுச் சுவரோ. எங்கள் வீடு வெள்ளை. மாலையில் வந்து மகளிடம், மூன்று வசனம் போதும், எழுதித் தா, பாடமாக்குகிறேன் என்றேன்.

அவள் எழுதித் தந்தாள், தமிழ் எழுத்தில். முதல் வசனம், 'மை வைஃப்ஸ் மதர் கேவ் த ஹவுஸ் டு மை வைஃப்.' என் மனைவியின் உம்மா வீட்டை என் மனைவிக்குக் கொடுத்தார். இரண்டாவது, 'த ஸீ டுக் தட் ஹவுஸ்.' கடல் அந்த வீட்டை எடுத்தது. மூன்றாவது, புதிய வீடு என் மனைவிக்குச் சேர வேண்டும் என்பது.

தாங்கிக்கும் கக்கூஸுக்கும் இடையில் நடந்து நடந்து பாடமாக்கினேன். தாங்கியடியில் நன்றாக வரும். திரும்பும்போது வைஃப் கொடுத்ததா, மதர் கொடுத்ததா என்று குழம்பிவிடும். ஒருநாள் என் மனைவி கடலை எடுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். மகள் சிரித்துச் சிரித்துத் தகரத்தில் தலையை முட்டிக்கொண்டாள்.

"சும்மா பாடமாக்கினா வராது வாப்பா. எந்த இடத்துல வெட்டுற எண்டு தெரியோணும்."

பென்சிலை எடுத்துப் பலகைத் தட்டியில் முதல் வசனத்தை எழுதினாள். மதர் என்ற சொல்லுக்குப் பிறகு நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டாள். "ஆரப் பத்திக் கதைக்கிறமோ, அவ கோட்டுக்கு இந்தப் பக்கம். அவதான் எழுவாய். அவவப் பத்தி என்ன சொல்றமோ, அவ்வளவும் அந்தப் பக்கம். அது பயனிலை. எவ்வளவு பெரிய வசனமெண்டாலும் ரெண்டு துண்டுதான்."

மீனை வெட்டுவது போலவா என்று கேட்டேன். மீனில் தலை எங்கே முடிகிறது என்று தெரியும். வசனத்தில் அப்படித் தெரியவில்லை. முதலில் நான் ஒவ்வொரு வசனத்திலும் முதல் சொல்லுக்குப் பிறகே கோடு போட்டேன். 'மை' என்பதோடு வெட்டினால் அது யாருடைய எது என்றே தெரியாமல் துடித்துக்கொண்டு கிடக்கும் என்று மகள் சொன்னாள். எழுவாய் ஒரு சொல்லாகவும் இருக்கும், ஒரு வரியாகவும் இருக்கும். 'கடலில் வீட்டைப் பறிகொடுத்த அந்தப் பெண்' என்பது முழுவதும் எழுவாய்தான். அழுதாள் என்பது மட்டும் பயனிலை. எழுவாய் அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க, பயனிலை ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது.

"இதுல நான் எங்க மகள்?" என்று முதல் வசனத்தைக் காட்டிக் கேட்டேன். கொடுத்தது மாமி. வாங்கியது மனைவி. கொடுபட்டது வீடு.

அவள் தேடிப் பார்த்தாள். "நீங்க 'மை'யில இரிக்கீங்க வாப்பா," என்றாள். அது எனக்கு அளவான இடமாகத்தான் பட்டது.

வெட்டும் இடம் தெரிந்த பிறகு வசனம் குழம்பவில்லை. ஆனால் வேறொரு தொல்லை தொடங்கியது. காதில் விழுவதையெல்லாம் மனம் வெட்டத் தொடங்கிவிட்டது. தமிழைத்தான். வெட்டப் போனால், எங்கள் பேச்சில் எழுவாயே இல்லை. சாப்பிட்டாச்சா என்கிறோம். யார்? வந்திட்டன் என்றால் வந்தது நான் என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அதற்காக ஒருவர் முன்னே வந்து நிற்கத் தேவையில்லை. எனக்கு அந்த வசதி பிடித்திருந்தது. ஆங்கிலத்தில் ஆளை முன்னுக்கு நிறுத்தாமல் ஒன்றும் சொல்ல விடமாட்டார்கள். மழை பெய்வதற்குக்கூட 'இட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அது யார் என்று மகளிடம் கேட்டேன். அது ஒருவரும் இல்லை, எழுவாய் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று சும்மா நிற்கிறது என்றாள்.

"ஒரு வேலையும் செய்யாம?"

"ஓம். நம்மட கமிட்டித் தலைவர் மாதிரி."

என் மனைவி அடுப்படியிலிருந்து, சத்தம் போடாதே, பக்கத்துத் தகரத்துக்குக் கேட்கும் என்றாள். அவளும் சிரித்தாள்.

சுனாமிக்குப் பிறகு வந்த நாட்களில் நாங்கள் பேசியதும் ஞாபகம் வந்தது. கடலில் போனவர்களைத் தேடித் திரியும் ரோட்டில் தெரிந்தவர் எதிரே வந்தால், கிடைச்சிட்டா என்று கேட்போம். இல்ல என்பார். ரெண்டு கிடைச்சிட்டு என்பார். யார் என்று கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். ஆங்கிலத்தில் அந்தப் பேச்சை எப்படிப் பேசியிருப்போம் என்று யோசித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த ஆளை முன்னே வைத்திருக்க வேண்டும். எங்களால் முடிந்திருக்காது.

கூட்ட நாள் வந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நான் பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. தறப்பாளுக்குள் காற்று இல்லை. கமிட்டித் தலைவர் பேசினார், தம்பி மாற்றினார். வெள்ளைக்காரப் பெண், யாருக்கும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டதாகத் தம்பி சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள்.

நான் எழுந்தேன். எழுந்த பிறகு சாரத்தைச் சரிசெய்தேன். சரியாக இருந்த முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். எங்கள் கொட்டில் வரிசையில் இருந்த லொறிக்காரர் ஒருவர், "காக்கா, கக்கூஸ் அந்தப் பக்கம்," என்று அண்ணனுக்கு வழி சொல்வது போலச் சொன்னார். சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சொன்னேன். கோடு இருந்த இடத்தில் மூச்சு எடுத்தேன். மாமி கொடுத்தார். கடல் எடுத்தது. புது வீடு என் மனைவிக்குச் சேர வேண்டும்.

மூன்றையும் சொல்லி முடித்தபோது எவரும் சிரிக்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அநேகம் பேருக்கு விளங்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரப் பெண் கதிரையிலிருந்து எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்று, என்னைப் பார்த்தே நீளமாக ஒரு கேள்வி கேட்டார்.

இதை நானும் மகளும் யோசித்திருக்கவில்லை. பேசத்தான் பழகியிருந்தேன், பதில் வரும் என்று நினைக்கவேயில்லை. அவர் வாயிலிருந்து வந்த வசனத்தில் எங்கே வெட்டுவது என்று தேடினேன். வெட்ட இடமேயில்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. வியர்வை கண்ணுக்குள் போனது. தம்பி தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"தம்பி, அவர் சொன்னதுல மிச்சத்த நான் சொல்றன். முழுசா மாத்திச் சொல்லுங்க. நன்றி எண்டு முடிச்சிராதீங்க. இஞ்ச விளங்குறவங்களும் இரிக்காங்க."

தம்பியின் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு அவர் ஒழுங்காக மாற்றிச் சொன்னார். அவள் ஒரு வசனம் சொல்வாள், நிறுத்துவாள், அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீளம் குறைந்தால் விடமாட்டாள் போல இருந்தது. வெள்ளைக்காரப் பெண் சிரிக்கவில்லை. இது உங்கள் ஒரு குடும்பத்தின் விடயமா, எல்லாருக்கும் அப்படியா என்று கேட்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாணம் முடித்த பிறகும் தன் சொந்த உம்மாவின் வீட்டில் வாழ்ந்த ஆண்கள் கையை உயர்த்துங்கள் என்றார்.

ஒரு கையும் எழும்பவில்லை.

மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்ந்தவர்கள்?

முன்வரிசையில் இருந்த, கரையிலிருந்து மாயவலை இழுக்கும் வயதான ஒருவர் கையை உயர்த்தினார். "நான் போய் எவ்வளவோ காலமாப் போச்சு. இன்னும் என்ன வந்தான் வரத்தான் எண்டுதான் பொஞ்சாதி சொல்ற," என்றார். சிரிப்போடு இன்னொரு கை எழும்பியது. பிறகு வரிசை வரிசையாக. லொறிக்காரரும் உயர்த்தினார். எல்லாரும் கமிட்டித் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மாடி வீடு அவருடைய மாமியார் கட்டியது என்பது ஊருக்கே தெரியும். அவர் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். அவருடையதையும் சேர்த்தாயிற்று என்று யாரோ சொன்னார்கள்.

கொழும்புக்கு எழுதிக் கேட்கிறேன், அதுவரைக்கும் பெயர்களை நிறுத்தி வைக்கிறேன் என்று வெள்ளைக்காரப் பெண் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை என் மனைவி எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. பெயர் முடிவாகாமல் கட்ட முடியாது என்றார்கள். அத்திவாரத்தோடு வேலை நின்றது. அதற்குள் கிழக்கில் திரும்பவும் சண்டை தொடங்கியது. பாதைகள் மூடின, ஷெல் சத்தம் தகரத்தை அதிரவைத்தது, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணும் போனார். நிரப்பிய வயலில் அத்திவாரங்களுக்கு நடுவே புல் வளர்ந்து மாடு மேய்ந்தது.

என்னால்தான் நின்றது என்றார்கள். சண்டையால் நின்றது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சண்டையைப் பிடித்துக் கேட்க முடியாது, என்னைக் கேட்கலாம். தேத்தண்ணீர்க் கடைக்குப் போனால், "இங்கிலீசுத் தொர வாறார், கதிர போடுங்க," என்பார்கள். நான் கடைக்குப் போவதை விட்டேன். பள்ளியில் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். அப்படியும் ஒருநாள் லொறிக்காரர் செருப்பு கழற்றும் இடத்தில் பிடித்துக்கொண்டார். அவருடைய கடைசிப் பிள்ளைக்குத் தகரச் சூட்டில் உடம்பெல்லாம் கொப்பளம்.

"உன்ட பொஞ்சாதிக்கு ஊடு வேணுமெண்டு எங்க எல்லாரையும் தகரத்துல வேக வச்சிட்டாய்," என்றார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தக் காலத்தில்தான் மூத்தவளைக் கேட்டு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் ஆசிரியர். மகளைப் பிடித்துப்போனது. தேத்தண்ணீர் குடித்த பிறகு வீட்டைக் கேட்டார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அத்திவாரத்தைக் காட்டினேன். பையனின் உம்மா புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு, யாருடைய பேரில் என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பார்ப்போம் என்றார்கள். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று என் மனைவி கேட்டாள், "நாம கதைக்காம இரிந்திருக்கலாமோ?"

இல்லை என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். தாங்கியில் அன்று தண்ணீர் இல்லை.

வாடி வேலை திரும்பத் தொடங்கியிருந்தது. ஐஸ் பெட்டிகளோடு லொறியில் போகும்போது காவல் அரண்களில் இறக்குவார்கள். அங்கே ஆங்கிலத்தில் எழுதிய பலகைகள் இருக்கும். 'ஸ்டொப்.' எழுவாயைத் தேடினேன், இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். அது கட்டளை வசனம், எழுவாய் மறைந்து நிற்கும் என்றாள். யார் அது என்றேன். "நீங்கதான் வாப்பா. வாசிக்கிற ஆள்." அதன் பிறகு அந்தப் பலகைகளைக் கடக்கும்போதெல்லாம் யாரோ என் பெயரை வாசிப்பது போல இருக்கும். முதல் கூட்டத்தில் வாசித்தபோது இருந்த சுகம் அதில் இல்லை.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்த நாளில் நான் சைக்கிளில் கல்முனையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கடைத்தெருவில் பட்டாசு வெடித்தார்கள். சந்தியில் நிற்பவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். எனக்கும் வாழையிலைத் துண்டில் தந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் வேலையாகத் தமிழர் ஊரான காரைதீவுப் பக்கம் போனபோது ரோட்டோரத்து வீடுகளில் கதவுகள் சாத்தியிருந்தன. தெரிந்த மீன் வியாபாரி ஒருவர் வாசலில் நின்றார். வழக்கமாக விலை கேட்பவர், அன்று கேட்கவில்லை. நானும் நிற்காமல் மிதித்தேன். ஒரு நாள் இடைவெளி, ஒரே ரோடு. யாருக்கு என்ன முடிந்தது என்று அன்றைக்கு என்னால் ஒரு வசனத்தில் சொல்லியிருக்க முடியாது.

அந்த வருடமே நிறுவனத்தின் வேறு ஆட்கள் வந்து மிச்ச வேலையைத் தொடங்கினார்கள். புதிய ஆட்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் வரும்போதே பெண்களின் பெயர்களோடு வந்தார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் எழுதியதற்குக் கிடைத்த பதிலா, வேறு இடங்களில் வேறு பெண்கள் கேட்டதாலா, நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பேச வேண்டியிருக்கும்.

சாவி கொடுக்கும் நாளில் பெண்கள் எல்லாரும் புது வீட்டுத் தெருவில் போட்ட பந்தலுக்குள் இருந்தார்கள். ஆண்கள் நாங்கள் வெளியே வேலியோரம் நின்றோம். ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். சில பெண்கள் தங்கள் பெயரைக் கேட்டும் எழும்பவில்லை. இன்னாருடைய உம்மா என்றே எல்லாரும் கூப்பிட்டுப் பழகியதால், அந்தப் பெயர் தங்களுடையதுதான் என்பது ஒரு கணம் பிந்தித்தான் விளங்கியது. என் மனைவியின் பெயர் வந்தபோது அவளும் இருந்த இடத்திலேயே இருந்தாள். பந்தலுக்குள்ளிருந்து திரும்பி என்னைத் தேடினாள். வேலியோரத்திலிருந்து, உன்னத்தான் என்று கையைக் காட்டினேன். எழுந்து போனாள்.

லொறிக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். செருப்பு கழற்றும் இடத்தில் பேசிய பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. உள்ளே அவருடைய மனைவி சாவியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இனி இவ கோவத்துல என்ன வெளிய போ எண்டா, உன்ட ஊட்டுக்குத்தான் வருவன். சொல்லிப் போட்டன்," என்றார்.

"என்ட ஊடு எங்க இரிக்கு மச்சான்?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் மனைவி வெளியே வந்து எங்கள் வீட்டுப் பக்கமாக நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். வாசலில் நின்று சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து, என்னைத் தாண்டி, மூத்தவளின் கையில் வைத்தாள். மகள் பூட்டைத் திறக்கச் சற்று நேரமானது, புதுப் பூட்டு. கதவு திறந்ததும் சீமெந்து மணம் வந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொட்டிலில் மூட்டை கட்ட வேண்டிய சாமான்கள் கிடந்தன. அவற்றை எடுத்துவர வெயிலோடு வெயிலாக நடக்கத் தொடங்கினேன்.